உப்புக் காற்றும் ஒரு மல்டிமீற்றரும்: சின்னத் திருத்து மேசைக்குச் சிக்கனக் குறிப்புகள்

திருகோணமலையில், கடலுக்கு நாலு வளவு தள்ளி எங்கள் வீடு. விறாந்தையில் ஒரு காலத்தில் அம்மாவின் தையல் மெஷின் நின்ற இடத்தில் இப்போது என் கணவருடைய திருத்து மேசை நிற்கிறது. கொட்பேயிலிருந்து மீன் காட்டும் கருவி வரும், கிண்ணியாவிலிருந்து அம்ப்ளிபயர் வரும், உவர்மலையிலிருந்து யாரோ ஒருவரின் தாத்தா காலத்து ரேடியோ வரும். சாமானைப் பார்ப்பது அவர். காசுப் பெட்டியும் கணக்குக் கொப்பியும் என்னிடம். எந்தக் கருவியை எப்போது வாங்கலாம், எதை வாங்காமலே சமாளிக்கலாம் என்று நாங்கள் காசு கொடுத்துப் படித்ததை நீங்கள் சும்மாவே படித்துக்கொள்ளுங்கள்!

1. முதலில் வாங்க வேண்டியது ஒரு 80 பக்கக் கொப்பி. கருவி இல்லாததால் திருப்பி அனுப்பிய வேலை ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள்: என்ன சாமான், எந்த அளவை எடுக்க முடியவில்லை. ஒரே காரணம் மூன்று தரம் வந்தால் அந்தக் கருவியை வாங்கலாம். அதுவரை ஆசைப்பட்டுக்கொண்டே இருக்கலாம், அதற்குக் காசு இல்லை.

2. கையில் உள்ள காசில் பாதியை மல்டிமீற்றருக்கும் சோல்டரிங் அயனுக்கும் ஒதுக்குங்கள். இந்த இரண்டும் நாள் முழுக்கக் கையில் இருப்பவை. மற்றதெல்லாம் கிழமைக்கு ஒரு தரம் எடுப்பவை. அவற்றில் மலிவு பார்க்கலாம்.

3. மஞ்சள் நிற டிடி 830 மீற்றரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பற்றரி, டோர்ச், ரிமோட் பார்க்க அது தாராளம். ஆனால் அதன் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் "பியூஸ் இல்லை" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும், வாசித்துப் பாருங்கள். 230 வோல்ற் வீட்டுக் கரண்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். அதற்கு "கேட் 3, 600 வோல்ற்" என்று அடித்த, நம்பிக்கையான ஒரு மீற்றர் தனியாக இருக்கட்டும்.

4. மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிற கைவைத்தியம் நம் ஊரில் பிரபலம். வீட்டு மெயின் பெட்டியிலேயே அது கூடாது. கையில் பிடிக்கிற மீற்றரில் செய்தால் அடுத்த தரம் வெடிப்பது உங்கள் உள்ளங்கையில். நல்ல மீற்றர்களில் மணல் நிரப்பிய செராமிக் பியூஸ் இருக்கும், அதைக் கண்ணாடிப் பியூஸால் மாற்றினாலும் பலன் இல்லை. மீற்றர் வாங்கும்போதே மாற்றுப் பியூஸ் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். எங்களிடம் ஒரு மீற்றர் அதற்குரிய பியூஸ் கிடைக்காமல் ஒரு வருசம் லாச்சிக்குள் தூங்கியது.

5. புது பற்றரி போட்ட மல்டிமீற்றருக்குப் பின்னால் திகதியை ஒட்டிவையுங்கள். மலிவு மீற்றர்களில் உள்ளே பற்றரி இறங்க இறங்க, திரையில் வோல்ற் கூடிக் காட்டும். நல்ல சாமானைப் பழுது என்றும், செத்த பற்றரியை நல்லது என்றும் சொல்லி வாடிக்கையாளரிடம் வெட்கப்படுவது இதனால்தான்.

6. கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னப் பொதி கொண்டுபோங்கள்: ஒரு வீதத் துல்லியமுள்ள 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1என்4007 டயோட் ஒன்று, புது பென்டோர்ச் பற்றரி ஒன்று. ரெசிஸ்டர் 990க்கும் 1010க்கும் நடுவில், டயோட் ஒரு பக்கம் மட்டும் 0.5, 0.6 அளவில், பற்றரி 1.5க்குச் சற்று மேலே காட்டினால் காசை எடுக்கலாம். மூன்று நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் நீங்கள் சிரியுங்கள்.

7. அதே கடையில் பீப் சத்தம் வரும் இடத்தில் மீற்றரை வைத்து, இரண்டு முனைகளையும் டக் டக்கென்று தட்டிப் பாருங்கள். தட்டின உடனே பீப் வந்தால் நல்லது. யோசித்து யோசித்துக் கத்துகிற மீற்றரோடு 40 கால் உள்ள ஐசி ஒன்றைப் பார்த்து முடிக்க விடிந்துவிடும். வயரையும் அடியில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மலிவு மீற்றரில் முதலில் சாவது வயர்தான்.

8. வீட்டில் இரண்டு மீற்றர் இருந்தால் ஒன்றை ஒன்று சோதிக்கும். ஒன்றை டிசி வோல்ற்றில் வைத்து, மற்றதை ஓமில் வைத்து முனைகளைச் சேருங்கள். நல்ல டிஜிட்டல் மீற்றர் கிட்டத்தட்ட 10 மெகாஓம் காட்டும், மஞ்சள் சின்னவர் 1 மெகாஓம்தான். மெல்லிய சிக்னல் உள்ள இடத்தில் சின்னவர் ஏன் வோல்ற்றைக் குறைத்துக் காட்டுகிறார் என்பதற்கு இதுதான் காரணம்.

9. மீற்றரைக் கொழும்புக்கு அனுப்பித் திருத்தம் பார்க்க எங்களைப் போன்றோருக்குக் கட்டாது. ஏடி584 என்ற ஐசி பூட்டிய சின்னப் பலகை ஒன்று மலிவாகக் கிடைக்கும்; அது 2.5, 5, 7.5, 10 வோல்ற்றை ஒழுங்காகத் தரும். புது வருசத்துக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம் பார்த்து அளவைக் கொப்பியில் எழுதிவைத்தால் மீற்றர் எப்போது தடம் மாறியது என்று தெரியும்.

10. அப்பா காலத்து முள் மீற்றர், அந்த சன்வா, அலுமாரிக்கு மேல் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். ஏறி இறங்குகிற அளவைப் பார்க்க முள்ளைப் போல எதுவும் இல்லை: கண்டென்சர் நிரம்புவதும், வொலியூம் கொன்ட்ரோல் நடுவில் தடுமாறுவதும் முள்ளில் நடனம் மாதிரித் தெரியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், ஓம் பக்கத்தில் அதன் கறுப்பு வயரில்தான் பிளஸ் வரும்.

11. படகுச் சாமான் பார்க்கிற வீடென்றால் எங்கள் கொப்பியில் மிக வேகமாக மூன்று கோடு வாங்கியது டிசி கிளாம்ப் மீற்றர். திருக்கடலூர் அண்ணை ஒருவர் கிழமைக்கு ஒரு தரம் பற்றரி இறங்குகிறது என்று வந்தார். "தங்கச்சி, புதுப் பற்றரி மாத்தச் சொல்லிச் சொல்லுறாங்கள், முப்பது நாப்பதாயிரம் எங்க இருக்கு?" என்று குந்தியிருந்தார். எல்லாச் சுவிச்சும் மூடியிருக்க, பற்றரி வயரை கிளாம்பால் கவ்வியதும் 0.6 ஆம்பியர் காட்டியது. 70 ஆம்பியர்-மணி பற்றரி அந்த வேகத்தில் ஐந்து நாளில் காலி! அடித்தளத் தண்ணீர் இறைக்கும் பம்பின் சுவிச்சுக்குள் உப்புப் பிடித்து, பச்சை பூத்துக் கரண்ட் ஒழுகிக்கொண்டிருந்தது. வாங்கும்போது "டிசி ஆம்பியரும் அளக்குமா" என்று கேட்டு வாங்குங்கள். மலிவான கிளாம்புகள் பல ஏசி மட்டும்தான் பார்க்கும். எங்களிடம் இருப்பது யூனி-டி யூடி210இ, சட்டைப் பைக்குள் அடங்கும்.

12. கிளாம்பில் அளவு பொடியாக இருந்தால் வயரைத் தாடைக்குள் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள், வந்த எண்ணைப் பத்தால் பிரியுங்கள். சுற்றுவதற்குச் செலவில்லை, அடுத்த விலை மீற்றர் வாங்கும் காசு மிச்சம். அளக்கும் இடத்திலேயே, அளக்கும் திசையிலேயே பிடித்து முதலில் பூச்சியம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

13. சீரியல் பல்ப் இல்லாத மேசை மேசையே இல்லை. ஒரு மரப்பலகையில் 100 வோட் இழை பல்ப், ஒரு 13 ஆம்பியர் சொக்கற், ஒரு சுவிச். லைன் வயர் பல்புக்குள் போய்த்தான் சொக்கற்றுக்கு வரவேண்டும். திருத்திய ரீவியையோ சார்ஜரையோ அதில் செருகுங்கள். பல்ப் ஒரு தரம் மின்னி மங்கினால் சரி, முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷோர்ட். மாற்றிய புது ட்ரான்சிஸ்டர் "படார்" என்று போவதற்குப் பதிலாகப் பல்ப் எரியும், அவ்வளவுதான் நட்டம். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. இழை பல்ப் கடையில் கண்ணில் பட்டால் 60இல் இரண்டு, 100இல் இரண்டு வாங்கி பரணில் வையுங்கள், கிடைப்பது அருமையாகி வருகிறது. பல்ப் நடுவில் இருந்தாலும் கரண்ட் அடிக்கும், செருப்போடு நில்லுங்கள்.

14. கையகல "ட்ரான்சிஸ்டர் டெஸ்டர்" ஒன்று, எல்சிஆர்-டி4 என்ற பெயரில் வருவது, விலைக்கு மேல் வேலை செய்யும். மூன்று காலை எப்படிச் செருகினாலும் எது பேஸ், எது கலெக்டர் என்று தானே சொல்லும். கண்டென்சரின் உள் தடையையும் காட்டும். பவர் சப்ளை பழுதுகளில் அந்த உள் தடைதான் அடிக்கடி குற்றவாளி. செருகுமுன் கண்டென்சரை ஒரு ரெசிஸ்டரால் தொட்டு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டெஸ்டருக்கு அன்றே காரியம் முடிந்தது.

15. மேசைக்கான பவர் சப்ளையைப் புதிதாக வாங்குமுன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பழைய கம்பியூட்டர் சப்ளையில் பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் அது உயிர்க்கும்: மஞ்சள் 12, சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3 வோல்ற். அதற்குக் கரண்டைக் கட்டுப்படுத்தத் தெரியாது, ஷோர்ட் ஆனால் பலகையின் செப்புக் கோட்டையே ஆவியாக்கிவிடும். ஆகவே 12 வோல்ற் வயரில் ஒரு வாகன பிரேக் பல்பைத் தொடராகப் போடுங்கள், 21 வோட் பல்ப் இரண்டு ஆம்பியருக்கு மேல் போகவிடாது. இது சீரியல் பல்பின் தம்பி.

16. கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு, வோல்ற்றையும் ஆம்பியரையும் இரண்டு குமிழால் பிடித்து நிறுத்தும் சப்ளை ஒன்று வாங்கலாம். 30 வோல்ற், 5 ஆம்பியர் நம் வேலைக்கு ஏராளம். இரண்டு சப்ளை சேர்ந்த பெரியதைப் பார்த்து மயங்க வேண்டாம், எங்கள் கொப்பியில் அது இதுவரை ஒரு கோடுகூட வாங்கவில்லை.

17. ஒசிலோஸ்கோப்! எல்லோருக்கும் முதல் ஆசை அதுதான், வாங்கவேண்டியது கடைசியில். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். அம்ப்ளிபயர் சத்தமென்றால் 20 கிலோஹேர்ட்ஸ், படகின் மீன் காட்டும் கருவி என்றால் 50, 200 கிலோஹேர்ட்ஸ். 200 கிலோஹேர்ட்ஸ் மட்டும் தாங்கும் அந்த மலிவுக் கூட்டுப்பெட்டி டிஎஸ்ஓ138 படிக்கிற பிள்ளைக்கு நல்ல விளையாட்டு. தன் எல்லையிலேயே நிற்கிற சிக்னலை அது மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைத்துத்தான் காட்டும். வாங்குவதென்றே ஆனால் 50 மெகாஹேர்ட்ஸ் உள்ள, பெயர் தெரிந்த ஒன்றாக வாங்குங்கள். 2014இல் வந்த ரிகோல் டிஎஸ்1054இசட் நாலு வாய்க்காலோடு இன்னும் பழைய சாமானாகக் கைமாறுகிறது. பெரிய சதுரத் திரை வைத்த பழைய குழாய் ஸ்கோப் 20 மெகாஹேர்ட்ஸில் கிடைத்தாலும் குறைவில்லை, தூக்கத்தான் இரண்டு பேர் வேண்டும்.

18. ஸ்கோப்பின் கவ்வி வயர் வீட்டு எர்த்தோடு சேர்ந்தது, மறக்காதீர்கள். சார்ஜரின் கரண்ட் பக்கத்தில் அதைக் கவ்வினால் நெருப்பும் சத்தமும் சேர்ந்து வரும். ஸ்கோப்பின் எர்த் முள்ளை வெட்டிவிடுகிற வித்தையை எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம். திருத்துகிற சாமானை ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமரில் பூட்டுவதுதான் வழி.

19. ஸ்கோப் வயரின் பிடியில் உள்ள சுவிச்சை எப்போதும் 10எக்ஸில் வையுங்கள், 1எக்ஸில் வைத்தால் வேகமான அலை மழுங்கிவிடும். வாங்கின அன்றே ஸ்கோப்பின் முன்னால் உள்ள 1 கிலோஹேர்ட்ஸ் முனையில் கொளுவி, சதுர அலையின் மூலை நேராகும்வரை பிடியில் உள்ள சின்னத் திருகைத் திருப்புங்கள்.

20. ஸ்கோப் வாங்கக் காசு இல்லை, ஆனால் ஆர்டுயினோ, சீரியல் தகவல் போன்றவை பார்க்க வேண்டும் என்றால், எட்டு வாய்க்கால் லொஜிக் அனலைசர் போதும். தீப்பெட்டி அளவு, யுஎஸ்பி வயரில் ஓடும். பல்ஸ்வியூ என்ற மென்பொருள் இலவசம்.

21. ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். கைபேசியின் முன் கமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அமுக்குங்கள், ஊதா வெளிச்சம் மினுங்கினால் ரிமோட் சரி. அதே கமராவைப் பெரிதாக்கினால் சோல்டர் வெடிப்பும் தெரியும், பூதக்கண்ணாடிச் செலவு மிச்சம்.

22. மீடியம் வேவ் உள்ள கையடக்க ரேடியோ ஒரு கருவிதான், காசு கொடுக்காத கருவி. நிலையம் இல்லாத இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றி நடந்தால் எந்தச் சார்ஜர், எந்த எல்ஈடி பல்ப் இரைச்சல் போடுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். படகில் வொக்கி இரைகிறது என்று வந்தால் முதலில் இதைத்தான் நாங்கள் எடுப்போம்.

23. வொக்கி, விஎச்எஃப் செட் திருத்தும்போது அன்டெனா இல்லாமல் பேச்சுப் பட்டனை அமுக்கினால் கடைசி ட்ரான்சிஸ்டர் போய்விடும். 1 கிலோஓம், 2 வோட் ரெசிஸ்டர் இருபதைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் 50 ஓம், 40 வோட் சுமை கிடைக்கும். படகு விஎச்எஃப் செட் 25 வோட்தான், ஆகவே கொஞ்ச நேரச் சோதனைக்குத் தாங்கும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் மட்டும் கூடாது.

24. அன்டெனா பார்க்க நானோவிஎன்ஏ என்கிற சின்னத் திரைக் கருவி 900 மெகாஹேர்ட்ஸ் வரை போகும், நம் 156.8 மெகாஹேர்ட்ஸ் 16ஆம் வாய்க்காலுக்கு அது கைக்கு எட்டின தூரம். வொக்கியின் வெளியீட்டை நேரே அதில் கொடுத்தால் உடனே எரியும். அளக்கும் கருவியை வரவழைப்பது ஒன்று, பேசும் செட்டை வரவழைப்பது வேறு. பேசும் செட்டுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் ஓர்டர் போட்டால் சுங்கத்தில் நின்றுவிடும்.

25. பொடிக் கால்களைத் தொட, மீற்றர் முனையில் தையல் ஊசி ஒன்றைச் சோல்டர் செய்து, மேலே சுருங்கும் குழாய் மாட்டுங்கள். பச்சை வார்னிஷைக் குத்திக்கொண்டே உள்ளே போகும். அம்மாவின் ஊசிப் பெட்டியில் கேட்காமல் எடுத்ததற்கு நான்தான் திட்டு வாங்கினேன்!

26. சூட்டைப் பிடித்து நிறுத்தும் அயன்தான் சிக்கனம். மலிவு அயனின் முனை எரிந்து எரிந்து மாதத்துக்கு ஒன்று கேட்கும். 63க்கு 37 கலந்த ஈயம் 183 பாகையில் உருகும், அயனை 330க்கு மேல் ஏற்றத் தேவையே இல்லை. முனையை அரத்தால் தேய்க்க வேண்டாம், குசினிக் கம்பிப் பஞ்சும் வேண்டாம். பித்தளைச் சுருளில் குத்தி எடுங்கள், வேலை முடிந்ததும் நுனியில் ஒரு சொட்டு ஈயம் பூசி அணையுங்கள்.

27. 12 வோல்ற்றில் ஓடும் டிஎஸ்100 போன்ற பேனா அயன் ஒன்று இருந்தால் படகுக்கே போய் வேலை முடிக்கலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது எங்கள் மேசை ஓடியது இதில்தான். பற்றரியில் கொஞ்சம் மெதுவாகச் சூடேறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

28. நம் ஊரில் கருவி கெடுவது பாவித்து அல்ல, வைத்து. வாடைக்காற்று தொடங்கினால் அலுமாரிக்குள்ளும் உப்பு வரும். மூடி இறுக்கமான ஐஸ்கிறீம் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு கருவி, கூடவே சப்பாத்துப் பெட்டிச் சிலிக்கா பொதி நாலு. நிறம் மாறும் சிலிக்கா என்றால் நீலம் இளஞ்சிவப்பானதும் பழைய பால்மாப் பேணியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுங்கள், மறுபடி நீலமாகும். சமைக்கிற சட்டியில் மட்டும் வறுக்காதீர்கள், அந்த நிறம் நஞ்சு. அரிசியைப் போடுவது பேச்சுக்குத்தான், கூட அந்துப்பூச்சி வரும்.

29. மீற்றருக்குள் பற்றரி கசிந்து வெள்ளை பூத்திருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு தேசிக்காய்ப் புளி தொட்டுத் துடையுங்கள். பின்னால் காய்ச்சி வடித்த தண்ணீர், பின்னால் ஸ்பிரிட். மாதக்கணக்கில் எடுக்காத கருவியில் பற்றரியைக் கழற்றி, மூடிக்குள் நூலால் கட்டிவையுங்கள். தேடி அலைய வேண்டாம்.

30. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் மேசை பிளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள், அன்டெனா வயரையும்தான். மேசைக்கென்று 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்றைத் தனியாகப் பூட்டுங்கள். எந்தக் கருவியையும் விட அதைத்தான் நான் முதலில் வாங்கவைத்தேன்.

31. சாமான் பழுதென்று சொல்லுமுன் சொக்கற்றை அளந்து பாருங்கள். நம் கரண்ட் 230 வோல்ற், ஆறு வீதம் கூடக் குறைய வரலாம். அதாவது 216க்கும் 244க்கும் நடுவில். மாலையில் 200க்குக் கீழே போகிற வீட்டிலிருந்து வந்த பிரிட்ஜுக்கு எங்களிடம் மருந்து இல்லை, மின்சார சபைக்குத்தான் சொல்லவேண்டும்.

32. உதிரிப் பாகத்துக்குக் கொழும்பு போனால் கொப்பியோடு போங்கள். இரவு ரயிலில் ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு நடந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. கொப்பியில் இல்லாததைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது 18 வீத வற் வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், படத்தில் போட்ட விலை கைக்கு வரும் விலை அல்ல.

33. செத்த பலகைகளை எறியாதீர்கள். 1920களில் எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர் கொழும்புத் தந்தி அலுவலகத்தில் இலங்கையின் முதல் ஒலிபரப்புச் சோதனையைச் செய்தது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து கழற்றிய ரேடியோச் சாமான்களால் கட்டிய கருவியில். நம் மேசைக்கு ஒரு பழைய டிவிடி பிளேயர் போதும்: டயோட், பியூஸ் பிடி, திருகாணி, சூடு தணிக்கும் அலுமினியம். ஒவ்வொன்றையும் தனித்தனி மருந்துச் சீசாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

34. கடல் தண்ணீரில் விழுந்த ஜிபிஎஸ் வந்தால் அவசரம் காட்டவேண்டியது முதல் ஐந்து நிமிடத்தில் மட்டும்: பற்றரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, பலகையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். தண்ணீருக்குள் விழுந்த சாமானை மறுபடி தண்ணீரில் போடுவதா என்று கிண்ணியா நானா ஒருவர் எங்களைப் பைத்தியம் பார்ப்பது போலப் பார்த்தார். கெடுப்பது தண்ணீரல்ல, காய்ந்தபின் நிற்கிற உப்பு. பழைய பல்தூரிகையும் ஸ்பிரிட்டும் போட்டுத் தேய்த்து, வெயிலில் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் சப்ளையை 0.2 ஆம்பியரில் கட்டிவைத்து மெல்ல ஏற்றினோம்; திரை வந்தது. நானா கூலியோடு ஒரு சோடிப் பாரை மீனும் வைத்துவிட்டுப் போனார், அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் கொப்பியில் இடமில்லை.